மேற்கு அணையில் கடல்மணல்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நாம் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உங்களில் ஒருத்தி தன் மருமகளுக்கு என்னைக் காட்டிச் சொன்னாள்: "இவட உம்மாதான், புரிசன் மவுத்தான கவலையில புத்தி மாறி, இத்தாவில இருந்து எழும்பி அணைக்கட்டுக்கு ஓடினவ." அந்த மருமகள் நல்ல பிள்ளை. "பாவம்" என்று சொல்லி என் பக்கம் இறைச்சித் துண்டைத் தள்ளிவைத்தாள்.

கல்யாண வீட்டில் சண்டை பிடிக்கக் கூடாது என்று நான் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து அந்தச் சோறு எனக்குச் செரிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என் வயதுக்காரிகளே, உங்களில் மூன்று பேர் அன்று அந்த அணைக்கு என்னோடு பாய் சுமந்தவர்கள். மறந்துவிட்டீர்கள் என்றால் நினைவுபடுத்துகிறேன். மறக்காமல்தான் இப்படிக் கதைக்கிறீர்கள் என்றால், இதையும் வாசித்துவிட்டுக் கதையுங்கள். என் உம்மாவுக்கு ஒருநாளும் புத்தி மாறவில்லை.

நமக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். மாரியில் தூரத்து மலைப்பக்கம் பெய்கிற மழையெல்லாம் வயலுக்குள் வந்து தேங்கும். கடற்கரையில் ஆற்றுவாய் மணல் மூடிக் கிடக்கும். கடலுக்குப் போக வழியில்லாத தண்ணீர் நம் வீடுகளுக்குள் ஏறும். கிணறும் மலசலகூடமும் ஒன்றாகும். அரிசிப் பானையைப் பரணில் ஏற்றிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்து வாங்குகளில் போய்க் குந்தியிருந்த மாரிகள் உங்களுக்கும் தெரியும். ஈரக் கிடுகின் அந்தப் புளித்த மணம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், கோடையில், ஊரார் கூடி மேற்கே ஒரு மண்ணணை கட்டினார்கள். பெரிய அணை ஒன்றுமில்லை. ஆள் உயரம், மேலே ஒரு மாட்டுவண்டில் போகிற அகலம். வயல் தண்ணீரை ஊருக்குள் விடாமல் மறித்து, தெற்கே வாய்க்காலுக்குத் திருப்பிவிடுவதுதான் அதன் வேலை. வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறைவைத்து வேலை நடந்தது. ஆள் என்றால் ஆண்தான். நம் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். அந்த அணைக்குப் பின்னால் இருந்த அத்தனை வீடும் பெண்களின் வீடு. ஆனால் அணை பற்றிய கூட்டத்துக்கு ஒரு பெண்ணையும் கூப்பிடவில்லை. அப்போது அது எனக்கு விநோதமாகப் படவில்லை. இப்போது படுகிறது.

வேலையை நடத்தியவர் பெரிய மரைக்கார். பள்ளிவாசல் நிருவாகத்தின் தலைவர். மேற்கு வயலில் பெரும் பகுதி அவருடையது. என் வாப்பா அவருடைய முல்லைக்காரர். விதைப்பிலிருந்து சூடடிப்பு வரை அவருடைய வயலைப் பார்த்துக்கொள்பவர். மண்ணைப் பற்றி வாப்பாவுக்குத் தெரியாதது இல்லை. அணையின் தெற்குப் பகுதிக்குக் குளத்தடியிலிருந்து களிமண் வந்தது. எங்கள் தெருவுக்கு நேரே வேலை வந்தபோது அந்தக் களி முடிந்துபோனது. கைக்கெட்டும் தூரத்திலேயே வேறு களி இருந்தது, மரைக்காரின் வயலில். அதை வெட்ட அவர் விடவில்லை. வயல் பள்ளமாகிவிடும் என்றார்.

நான் வாப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன். சோடாப் போத்தலில் ஊற்றி, கடதாசியை முறுக்கி மூடிய தேத்தண்ணி. அந்தப் போத்தலைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றேன்.

"கடக்கரையில மணல் குவிஞ்சுதானே கிடக்கு" என்றார் மரைக்கார்.

"மணல் தண்ணியக் குடிக்கும் மரைக்கார். நிக்காது."

"மேலால களியப் பூசிவிட்டா ஆருக்குத் தெரியும்?"

"தண்ணிக்குத் தெரியும்" என்றார் வாப்பா.

மரைக்கார் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் கடல்மணல் வந்து இறங்கியது. ஏற்றி வந்தவர் என் மாமா, உம்மாவின் ஒரே தம்பி. வண்டிலும் மாடும் மரைக்காருடையவை. மாமா வாப்பாவின் முகத்தைப் பாராமல் மணலைக் கொட்டினார். பிறகு அதன்மேல் ஒரு சாண் களியைப் பூசி, திமிசுக் கட்டையால் அடித்து, புல் பதித்தார்கள். பார்க்க மற்ற இடத்தைவிட அழகாக இருந்தது.

அணை முடிந்து இரண்டு மாதத்தில் வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் மவுத்தானார்.

உம்மா வெள்ளை உடுத்து, விதவைக்குரிய இத்தா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும். ஜன்னலுக்கு வெள்ளைச் சீலை கட்டியிருந்தது. உடன்பிறந்த மாமாவைத் தவிர வேறு ஆண்கள் உள்ளே வருவதில்லை. உம்மா வாசற்படியைத் தாண்டுவதில்லை. ஒவ்வொரு நாளும் சுபஹுத் தொழுதுவிட்டு ஒரு புளியங்கொட்டையை வெறும் பிஸ்கட் டின்னுக்குள் போடுவார். அந்தச் சத்தத்தில்தான் நான் விழிப்பேன். வெளியே உம்மாவுக்குக் காலும் வாயும் நான்தான். கடைக்கும் நான், கிணற்றடிக் கதைக்கும் நான்.

மாரி பிறந்தது. நாம் அணைமேல் ஏறி, தென்னம்பாளையில் உட்கார்ந்து ஊர்ப்பக்கத்துச் சரிவில் சறுக்கி விளையாடினோமே, அந்த நாட்கள். ஒருநாள் எங்கள் தெருவுக்கு நேரே சரிவின் அடியில் நிலம் நசநசவென்று இருந்தது. சட்டை நனைந்ததற்கு ஏச்சு விழும் என்று பயந்து, அதை ஒரு சாட்டாக உம்மாவிடம் சொன்னேன். உம்மா ஏசவில்லை. வெங்காயம் உரித்த கையை நிறுத்தினார்.

"தண்ணி தெளிவா வருதா, கலங்கி வருதா?"

"தெளிவாத்தான்."

"நாளைக்கும் போய்ப் பாரு. கலங்கினா ஒடன வந்து சொல்லு."

இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் பார்த்தேன். கலங்கியிருந்தது. உம்மா என்னை மரைக்கார் வீட்டுக்கு அனுப்பினார். சொல்லவேண்டியதை இரண்டு தரம் சொல்லவைத்துக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார். மரைக்கார் சாய்மனைக் கதிரையில் இருந்தார். நான் ஒப்புவித்தேன்: "மணல் கொட்டின இடத்தில தண்ணி கசியுதாம். கலங்கி வருதாம். களி நிரப்பின சாக்கு அடுக்கச் சொல்லட்டாம்."

"இத்தாவில இரிக்கிற பொம்புளைக்கு அணைக்கட்டப் பத்தி என்ன தெரியும்? இருந்து ஓதச் சொல்லு புள்ள" என்று சொல்லி, உட்பக்கம் பார்த்துக் கையைத் தட்டினார். இலைத்துண்டில் தொதல் வந்தது. கறுப்பாக, எண்ணெய் மினுங்க, முந்திரிகை வைத்த தொதல். நான் அதை வழியிலேயே தின்று இலையையும் நக்கினேன். வீட்டுக்கு வந்து, "பாப்பமாம்" என்று பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. தொதலுக்கு நன்றி என்று நினைத்தேனோ என்னவோ.

அடுத்து மாமாவிடம் அனுப்பினார். மாமா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "நான் சொல்லி அவர் கேக்கவா போறார்" என்றார். அவ்வளவுதான்.

டின்னுக்குள் எழுபத்திரண்டாவது கொட்டை விழுந்த நாள் அது. மழை விட்டிருந்தது, ஆனால் அணையின் விளிம்புக்குத் தண்ணீர் ஒரு சாண்தான் மிச்சம். ஆண்கள் எல்லாரும் விடியவே மண்வெட்டியோடு கடற்கரைக்குப் போய்விட்டார்கள். ஆற்றுவாயை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு இறங்கும். மரைக்காரும் மாமாவும் அங்கேதான். தெருவில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும்.

உங்களில் இரண்டு பேரோடு நான் அணையடிக்குப் போனேன். அங்கே நிலம் சோறு கொதிப்பதுபோலக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. குமிழியைச் சுற்றி வெள்ளை மணல் வட்டமாகக் குவிந்தது. அதில் சிப்பித் துண்டுகூடக் கிடந்தது. நமக்குக் கடல் பின்னால் இருக்க, வயல் பக்கத்திலிருந்து சிப்பி வருகிறதே என்று நீங்கள் சிரித்தீர்கள். நான் ஓடினேன்.

"எவ்வளவு அகலம்?" என்று கேட்டார் உம்மா.

இரண்டு கையையும் சேர்த்து வட்டம் காட்டினேன்.

"ஆம்புளைகள்?"

"ஆத்துவாய்க்குப் போயிட்டாங்க."

உம்மா கண்ணை மூடி ஒரு ஸலவாத்து ஓதுகிற நேரம் நின்றார். பிறகு அடுப்பிலிருந்த விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தார். கோழிகளைக் கூட்டில் அடைத்தார். கதவுக்குப் பின்னாலிருந்த வாப்பாவின் மண்வெட்டியை எடுத்தார். வெள்ளைச் சேலைத் தலைப்பைத் தலையோடு இறுக்கிச் சுற்றி, முந்தானையை இடுப்பில் செருகினார். வாசலைத் தாண்டினார். கதவைக் கொளுவிவிட்டு, கொளுவியதை ஒருமுறை இழுத்தும் பார்த்தார். சொல்லுங்கள், புத்தி மாறியவள் கோழியை அடைப்பாளா?

மண்வெட்டிப் பிடியால் ஒவ்வொரு படலையாகத் தட்டினார். "வீட்டுக்கு ஒரு பாயும் ஒரு சாக்கும் எடுத்திட்டு வாங்ககா! அணை ஒடையப் போகுது!"

எதிர்வீட்டுச் சாச்சி நெஞ்சில் கைவைத்தார். "அல்லாவே! இத்தாவில இரிக்கிற நீங்க வெளிய வரலாமா?"

"வீடு இருந்தாத்தானேகா இத்தா இரிக்கலாம். பாய எடுங்க."

சாச்சி பாயை எடுத்தார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். எல்லாரும் வரவில்லை; படலைக்குப் பின்னால் நின்று பார்த்தவர்களும் உண்டு. யார் யார் என்று இன்று சொல்லப்போவதில்லை.

சாக்குக்குக் களி வேண்டும். அணைக்கு இந்தப் பக்கம் மரைக்காரின் சூடடிக்கிற களம் இருந்தது. வருடக்கணக்காகக் களி கொட்டி, சாணம் மெழுகி, மாடு மிதித்து இறுகிய மேடு. உம்மா அதன்மேல் ஏறினார். "மரைக்கார்ட களம்கா அது!" என்று ஒருவர் கத்தினார். உம்மா முதல் வெட்டை வெட்டினார். ஈரக் களி அல்வாத்துண்டு போலப் பெயர்ந்து வந்தது. பிறகு எல்லாரும் வெட்டினார்கள். வெட்டும்போது ஒருத்தருக்குச் சிரிப்பு வந்தது. அது மற்றவர்களுக்கும் தொற்றியது. பயமும் சிரிப்பும் கலந்த அந்தச் சத்தத்தை நான் பிறகு எங்கும் கேட்கவில்லை.

உம்மா அணையைத் தாண்டி வயல் பக்கத்துத் தண்ணீருக்குள் நெஞ்சளவு இறங்கினார். பாய்களைச் சரிவோடு ஒட்ட விரித்துக் காலால் அழுத்திப் பிடித்தார். அதன்மேல் களிச்சாக்கை இறக்கினோம். உங்களில் ஒருத்தியின் உம்மா கொண்டுவந்தது அவருடைய கல்யாணப் பன்பாய். சிவப்பும் பச்சையும் கரைபோட்டது. தண்ணீருக்குள் அது போவதைப் பார்த்து அவர் அழுதார். அழுதுகொண்டே அதன்மேல் சாக்கையும் வைத்தார். நாம் பிள்ளைகள் சாக்குகளுக்கு இடையில் களியை மிதித்தோம். என் கெண்டைக்காலில் அட்டை பிடித்தது தெரியவேயில்லை.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது குமிழி சிறுத்துத் தெளிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஆண்கள் வந்தார்கள். ஆற்றுவாய் வெட்டியாகிவிட்டது, தண்ணீர் இறங்கப்போகிறது என்ற சந்தோஷத்தில் வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அணைமேல் பெண்கள். நடுவில் களி நிறச் சேலையோடு உம்மா. பின்னால் பாதி வெட்டுண்ட களம். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். குளித்தார். மாற்று வெள்ளை உடுத்தார். கோழியைத் திறந்துவிட்டார்.

அடுத்த ஜும்ஆவுக்குள் கதை ஊரெல்லாம் பரவியது. அணை நின்ற கதை அல்ல. இத்தா முறிந்த கதை. உம்மா தவ்பாச் செய்து பாவமன்னிப்புக் கேட்க வேண்டும், இத்தாவை முதலிலிருந்து இருக்க வேண்டும் என்று நிருவாகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். களத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. களத்தைப் பற்றிக் கதைத்தால் களியைப் பற்றிக் கதைக்கவேண்டி வரும், களியைப் பற்றிக் கதைத்தால் மணலைப் பற்றி. இதெல்லாம் எனக்குப் பிற்காலத்தில்தான் விளங்கியது. அன்று எனக்கு விளங்கியது ஒன்றுதான்: பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இடம் காலியாகிவிட்டது. நீங்கள் தள்ளி உட்கார்ந்தீர்கள்.

சனிக்கிழமை இரவு, மஃரிபுக்குப் பிறகு மாமா வந்தார்; மறுநாள் நிருவாகத்தார் விசாரிக்க வருவதாக இருந்தது. உம்மாவுக்கு முன்னால் நிலத்தில் குந்தினார்.

"ராத்தா, ஒரேயொரு சொல்லுச் சொன்னாப் போதும். மச்சான் மவுத்தான கவலையில என்ன செஞ்சன் எண்டு தெரியல்ல எண்டு சொல்லுங்க. அவங்க எழும்பிப் போயிருவாங்க. மரைக்காரே அப்பிடித்தான் சொல்றார்."

"பொறகு அந்த மணல்?"

"மணல விடுங்க ராத்தா."

"எனக்குப் பைத்தியம் எண்டா, அவடத்த மணல் கிடக்கு எண்டதும் பைத்தியக்காரிட கதை. அப்பிடியே விட்டா அடுத்த மாரிக்கி ஒடையும். அப்ப ஆரு வந்து பாய் விரிக்கிற?"

"மாடும் வண்டிலும் அவர்ட ராத்தா." என்றார் மாமா.

நானும் உம்மாவின் மடியைப் பிடித்துக் கெஞ்சினேன். ஒளிக்காமல் எழுதுகிறேன். "சொல்லுங்களேன் உம்மா. ஒரு சொல்லுத்தானே." எனக்கு என் பக்கத்து இடம் நிரம்பவேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

உம்மா என் நாடியைப் பிடித்து நிமிர்த்தினார். "நீ பாத்ததானே புள்ள. குமிழியில வந்தது என்ன? களியா, மணலா?"

"மணல்."

"அப்ப மணல்தான்" என்று சொல்லிவிட்டு மாமாவுக்குச் சோறு போட எழும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேர் எங்கள் மண்டபத்தில் வந்து உட்கார்ந்தார்கள்: மரைக்கார், நிருவாகத்தில் இருவர், தொழுகை நடத்துகிற வயதான லெவ்வை. உம்மா திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். மாமா வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். நான் தேத்தண்ணித் தட்டோடு நடுவில்.

"நீங்க வெளிய போனது உண்மையா?" என்று மரைக்கார் கேட்டார்.

"உண்மை."

"கவலையில, சுயபுத்தி இல்லாம..." என்று அவரே எடுத்துக்கொடுத்தார்.

"இல்ல மரைக்கார். நல்ல புத்தியோட போன. அடுப்ப அணைச்சிட்டு, கோழிய அடைச்சிட்டுப் போன. முதல்ல புள்ளைய அனுப்பின. நீங்க தொதல் குடுத்து அனுப்பினீங்க. அதுக்குப் பொறகுதான் நான் போன."

தொதலைப் பற்றி நான் ஒருவரிடமும் மூச்சுவிட்டதில்லை. உம்மாவுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

"அப்ப இத்தாவ முதல்ல இருந்து இரிக்கணும்."

"எழுபத்திரண்டு நாள் இருந்திட்டன். மிச்சத்தையும் இரிப்பன். இருந்ததத் திருப்பி இரிக்க மாட்டன்."

மரைக்கார் லெவ்வையைப் பார்த்தார். லெவ்வை தாடியைத் தடவினார். "வீட்டுக்கோ உயிருக்கோ ஆபத்து எண்டா இத்தாவில இரிக்கிறவ வெளியேறலாம். மார்க்கத்தில அதுக்குத் தடையில்ல."

"இத ஏன் முந்தியே சொல்லல்ல?" என்றார் நிருவாகத்தில் ஒருவர்.

"வெளிய போனாவா எண்டுதான் என்னட்டக் கேட்டீங்க. என்னத்துக்குப் போனா எண்டு ஒருத்தரும் கேக்கல்லயே."

மரைக்காரின் குரல் உயர்ந்தது. "ஆபத்து எங்க இருந்த? அணை நல்லாத்தான் இரிக்கி. பொம்புளை மணல் எண்டு பயந்தா அது ஆபத்தாகுமா?"

"மணல்தான்."

வாசலிலிருந்து வந்தது அந்தக் குரல். மாமா நிலையை விட்டு நிமிர்ந்து நின்றார். "நான்தான் கொட்டின. எவடத்த இருந்து எவடத்த வரைக்கும் எண்டு காட்டட்டா? இப்பயே வாங்க."

ஒருவரும் எழும்பவில்லை. மரைக்கார் மட்டும் எழும்பினார். தேத்தண்ணியைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மற்ற மூவரும் குடித்துவிட்டுப் போனார்கள். லெவ்வை இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினார்.

அந்த வாரமே மாமாவிடமிருந்து வண்டிலும் மாடும் போயின. அவர் நாவிதன்வெளிப் பக்கம் வயல் வேலைக்கு நடந்து போய்வந்தார். உம்மா மிச்ச நாட்களை ஒன்று குறையாமல் இருந்து முடித்தார். ஒரு வருடம் வரை நம் தெருவில் சில வீடுகள் எங்கள் வீட்டுக்குப் பெருநாள் பலகாரம் அனுப்பவில்லை. உம்மா அவர்களுக்கு அனுப்பினார். தட்டு திரும்பி வந்தால் வாங்கி வைப்பார். அடுத்த பெருநாளைக்கு மறுபடி அனுப்புவார். என் பக்கத்து இடம் அடுத்த தவணைதான் நிரம்பியது. யார் முதலில் வந்து உட்கார்ந்தது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த அணைக்கு மேலால் இன்று தார் வீதி ஓடுகிறது. நீங்கள் ஓட்டோவில் போகிற வீதிதான். நம் தெருவுக்கு நேரே அது ஒருநாளும் உடையவில்லை. அது தானாக நடந்த காரியமில்லை.

அடுத்த கோடையில் நிருவாகத்தில் மற்றவர்கள் கூடி, மணல் கொட்டிய இடத்தைத் தோண்டிக் களி போடுவதென்று தீர்மானித்தார்கள். களி மரைக்காரின் வயலிலிருந்து. அவர் மறுக்கவில்லை, அந்தப் பக்கம் வரவுமில்லை. மாமா வேலை செய்த நாவிதன்வெளி வயல்காரர், ஒரு தமிழர், தன்னுடைய வண்டிலை மாட்டோடு கொடுத்து அனுப்பினார். வேலை தொடங்கிய அன்று உம்மா கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு அணைக்கு வந்தார். "நீங்க என்னத்துக்கு வெயில்ல" என்று ஒருவர் கேட்டார். உம்மா ஆண்களுக்கு நடுவில் ஒரு மேட்டில் ஏறி நின்றார்.

மாமா வண்டிலை ஓட்டி வந்தார். கொட்டுவதற்காகப் பலகையைக் கழற்றப் போனபோது உம்மா குடையை என்னிடம் தந்துவிட்டு இறங்கி வந்து, வண்டிலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். பிசைந்து உருட்டினார். உருண்டை விரலுக்கிடையில் பொடிந்து விழுந்தது.

"தம்பி, இதில மணல் கலந்திரிக்கு. இன்னும் உள்ளுக்க வெட்டணும்."

"ஒரு வண்டிலுக்கு என்ன ராத்தா..." என்று தொடங்கிய மாமா பாதியில் நிறுத்தினார். மண்வெட்டி பிடித்த ஆண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"திருப்பு வண்டில" என்றார் உம்மா.

மாமா பலகையை மறுபடி பூட்டினார். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, மாட்டை வந்த வழிக்கே திருப்பினார்.